இருபதுக்கு ஒரு சாவிப் படம்

மார்ச் 6, திங்கள்

காவிரித் தண்ணீர் இன்றும் வரவில்லை. இரண்டு குடம் வாங்கி வைத்துவிட்டு ஓடினேன், பத்து நிமிடம் தாமதம்.

என் டீமில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். சகாயமேரி. குளித்தலைப் பக்கம். என்னைவிட மூன்று வயது சின்னவர், முப்பத்தாறு. காலையில் ஒரு சின்னக் குழப்பம் ஆகிவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு பக்கத்தில் உட்காரவைத்து வேலையைச் சொல்லிக்கொடுத்தேன்.

ஆறு வருடமாகச் செய்யும் இந்த வேலையை யாரிடம் விளக்கினாலும் புரிவதில்லை. என் மாமியார் "கம்ப்யூட்டர்ல படம் பாக்கற வேலை" என்கிறார். அது ஒருவகையில் சரிதான். இணையத்தில் யாரோ ஒரு சொல்லைத் தட்டித் தேடுகிறார்கள். எங்கள் திரையில் அந்தச் சொல் மேலே இருக்கும், ஒரு படம் கீழே இருக்கும். மிகப் பொருத்தம், ஓரளவு, பொருந்தாது என்று மூன்று பட்டன். ஒன்றை அமுக்க வேண்டும். நாங்கள் அமுக்குவதைப் பார்த்துத்தான் எந்தப் படத்தை முதலில் காட்டுவது என்று மெஷின் கற்றுக்கொள்கிறதாம். கரூரில் ஒரு பெட்ஷீட் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருபத்தெட்டுப் பேர் இப்படி அமுக்கிக்கொண்டிருக்கிறோம். யாருக்காக என்று வெளியில் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

இருபது படத்துக்கு ஒன்று, விடை முன்பே போட்டு வைத்த படம். அதைச் சாவி என்போம். எது சாவி என்று போடும்போது தெரியாது, பிறகு டீம் லீடரான என் பட்டியலில்தான் தெரியும். அந்த விடையோடு நம் விடை எவ்வளவு ஒத்துப்போகிறதோ அதுதான் நம் மார்க். மூன்று வாரம் தொடர்ந்து எண்பத்தைந்துக்குக் கீழே போனால் உள்ளே நுழையும் ஐ.டி. தானாகப் பூட்டிக்கொள்ளும், அதோடு வேலை போய்விடும். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். மேரி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது, எனக்கு ஆச்சரியம்.

மார்ச் 8, புதன்

மகளிர் தினம். கேக், ஆளுக்கு ஒரு ரோஜா. கம்பெனிப் பக்கத்தில் போடுவதற்காக மேனேஜர் ஜெயசீலன் சார் எங்களைப் படம் எடுத்தார். என் டீம் கீர்த்தனாவையும் இன்னும் நான்கு பேரையும் முன்வரிசையில் நிற்கச் சொன்னார். நான் உயரம் என்று பின்னால் போகச் சொன்னார். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்.

மார்ச் 10, வெள்ளி

மேரிக்கு முதல் வார மார்க் 78. புதியவர்களுக்கு முதல் வாரம் இப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் மற்ற எல்லாவற்றிலும் சரியாகப் போட்டிருக்கிறார். தொழில்கள் என்ற தொகுப்பில் மட்டும் சறுக்கல். மத்தியானம் டீம் லீடர் என்ற முறையில் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

தேடல் சொல் "சைட் இன்ஜினியர்". படத்தில் ஒரு பெண். நல்ல கருப்பு. மஞ்சள் ஹெல்மெட், சுடிதாருக்கு மேல் பளபளக்கும் பட்டை வைத்த கோட்டு. பின்னால் பாதி எழும்பிய தூண்கள். கையில் ஒரு தாள். மேரி போட்டது மிகப் பொருத்தம். சாவி சொன்னது பொருந்தாது.

"இதுக்கு ஏன் இப்படிப் போட்டீங்க?"

"இன்ஜினியர்தானுங்களே மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கையில வச்சிருக்கறது கம்பி அட்டவணைங்க. எந்தத் தூணுக்கு எத்தன கம்பி, எங்க வளைக்கணும்னு போட்டிருக்கும். சித்தாள் கையில அது எதுக்குங்க? தலையில சும்மாடு இல்ல. கால்ல பாருங்க, ஷூ."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளில் கட்டம் கட்டமாக ஏதோ இருந்தது. இந்த ஆறு வருடத்தில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"மேரி, அவங்க நெசமா யாருன்னு கண்டுபிடிக்கறது நம்ம வேலையே இல்ல. தேடறவங்க என்ன எதிர்பார்ப்பாங்களோ அதுக்கு ஒத்துப்போகுதான்னு மட்டும் பாருங்க. ரூல் புக்குலயே இருக்கு."

"தேடறவங்க யாருங்க மேடம்?"

"யாரோ ஒரு சாதாரண ஆளு."

"நானும் சாதாரண ஆளுதானுங்களே."

பேச்சுக்குப் பேச்சு பதில் வைத்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. மேடம் வேண்டாம், எல்லோரையும் போல அக்கா என்று கூப்பிடுங்கள் என்றேன். சரிங்க மேடம் என்றார்.

மார்ச் 13, திங்கள்

மேரி சொன்னதிலிருந்து என் கண் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இன்று ஆங்கிலத் தொகுப்பு. "சர்ஜன்" என்ற சொல்லுக்கு ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் வந்தார். பச்சை உடை, தலையில் துணித்தொப்பி, கையுறை, எதிரே ஆபரேஷன் மேஜை. கீர்த்தனா நிமிராமலே "நர்ஸுதான்க்கா" என்று சொல்லிப் பொருந்தாது என்று அமுக்கினாள். சாவியும் அதையே சொன்னது. அடுத்த படத்தில் ஒரு வெள்ளைக்காரர் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு சிரித்தபடி சும்மா நின்றார். அவர் மிகப் பொருத்தம்.

பிறகு "அழகான குழந்தை". பன்னிரண்டு படத்தில் ஒன்றுகூட எங்கள் தெருவில் பிறக்கிற குழந்தை மாதிரி இல்லை. எங்கள் தெருக் குழந்தைகள் மாதிரி இருந்தவை எல்லாம் "ஏழைக் குழந்தை" என்ற சொல்லுக்கு வந்தன. அதில் ஒரு குழந்தை கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டிருந்தது. அதுவும் ஏழைக் குழந்தைதான், மிகப் பொருத்தம்.

நானும் அப்படித்தான் போட்டேன். மார்க் 98.

மார்ச் 14, செவ்வாய்

ரீசார்ஜ் செய்வதற்காக மகள் இசையரசியின் போனை வாங்கினேன். தேடும் கட்டத்தில் "கருப்பாக" என்று தட்டி விட்டு வைத்திருந்தாள். மீதியை அதுவே எழுதிக் காட்டியது. கருப்பாக இருப்பவர்கள் வெள்ளையாக. கருப்பாக இருக்கும் பெண்ணுக்கு வரன். கருப்பாக இருப்பவர்கள் அணியக்கூடாத நிறம். அவள் எதைத் தொட்டாள் என்று தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்புதான் படிக்கிறாள்.

ரீசார்ஜ் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தோசை மாவு அதிகமாகப் புளித்துவிட்டது, ஊத்தப்பமாக ஊற்றினேன்.

மார்ச் 17, வெள்ளி

மேரிக்கு இரண்டாவது வாரம் 82. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

ஜெயசீலன் சார் கூப்பிட்டு, "பேசிப் பாருங்க பூங்கோதை. நல்லா வேலை செய்றாங்க, ஆனா சிஸ்டத்துக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். சாவியே தவறாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். டீம் லீடர் மறுப்புப் படிவம் போடலாமாம். ஏற்றுக்கொண்டால் சாவியைத் திருத்துவார்கள். ஏற்காவிட்டால் லீடர் பேரில் ஒரு கரும்புள்ளி, இரண்டு புள்ளி வந்தால் லீடர் பதவி போய்விடும். இதுவரை இந்த ஆபீசில் யாரும் போட்டதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தப் படிவத்தைச் சும்மா திறந்து பார்த்தேன். சைட் இன்ஜினியர் சாவி உருவான தேதி 2019 அக்டோபர் 22 என்று இருந்தது. குறித்துக்கொண்டு மூடிவிட்டேன்.

மேரியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஒரு வாரம் மட்டும் அவங்க கேக்கற மாதிரி போட்டுருங்க. பாத்ததும் எல்லாருக்கும் என்ன தோணுமோ அது. வேலை நெலைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"எனக்குத் தெரிஞ்சதத் தெரியாத மாதிரி போடச் சொல்றீங்க."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நோட்டை மூடிவைத்தார். பிறகு சொன்னார். சிவில் டிப்ளமோ படித்தவராம். திருச்சியில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஐந்து வருடம் சைட் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் விட்டிருக்கிறார்.

"அஞ்சு வருசமும் சைட்டுக்கு வர்ற ஓனருங்க எங்கிட்டயே வந்து, இன்ஜினியர் எங்கம்மான்னு கேப்பாங்க. நான்தான்னு சொன்னா சிரிப்பாங்க. இங்க ஏசி ரூமு, யாரும் மூஞ்சியப் பாத்து ஆளு சொல்ல மாட்டாங்கன்னு வந்தேனுங்க. இங்க அதுதான் வேலையே."

நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்ககூட முத நாள் அப்படித்தானே நெனச்சீங்க மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் சின்னக் குழப்பத்தை எழுதிவிடுகிறேன். அன்று காலை படிக்கட்டருகே பையோடு நின்றவரைப் பார்த்து, "இந்தாம்மா, உள்ள தண்ணி கொட்டிக் கிடக்கு, தொடச்சிரு" என்று மாப்பை நீட்டினேன். புது ஆயா வருவதாக முந்தின வாரம் சொல்லியிருந்தார்கள், அதனால்தான். மேரி மாப்பை வாங்கித் துடைத்துவிட்டு, அதன் பிறகுதான் வேலை ஆர்டரைக் காட்டினார். அன்று கீர்த்தனாவின் தோழி, சிவப்பான பெண் ஒருத்தியும் வேறு டீமில் முதல் நாளாக அதே படிக்கட்டில்தான் நின்றாள். அவளிடம் நான் மாப்பை நீட்டவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

துணி துவைத்தேன். அலமாரி ஒழித்தேன். அலமாரி ஒழித்தது பழைய டைரிக்காகத்தான். 2019 கிடைத்தது.

வெள்ளிக்கிழமை எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. படிவத்தில் தேதிக்குப் பக்கத்தில் மூன்று எண்கள் இருந்தன. மூன்று பேர் தனித்தனியாக ஒரே விடையைப் போட்டால் அது சாவி ஆகும். அந்த மூன்று பேரின் எண்கள் அவை. நடுவில் இருந்தது என் எண்.

2019 அக்டோபர் 22-ல் இப்படி எழுதியிருக்கிறேன்: "இசைக்குக் காய்ச்சல் விட்டது. ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டாள். இன்று 3,100 படம் முடித்தேன், ஆபீசிலேயே நான்தான் முதல். சார் எல்லோர் முன்னாலும் கைதட்டச் சொன்னார். தீபாவளிக்கு மரூன் கலர் புடவை எடுக்கலாமா என்று யோசனை."

அவ்வளவுதான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. எப்படி இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு படத்துக்கு எட்டு விநாடி. எட்டு விநாடியில் அவருடைய நிறத்தைப் பார்த்திருப்பேன். தாளைப் பார்த்திருக்க மாட்டேன். அதன் பிறகு மூன்றரை வருடமாக, அவரை இன்ஜினியர் என்று சொன்னவர்களுக்கெல்லாம் என் விடையை வைத்து மார்க்கைக் குறைத்திருக்கிறார்கள். எங்கோ யாரோ வெள்ளைக்காரன் எழுதிய விடை என்று இத்தனை நாள் நினைத்து, மனசுக்குள் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். நானும் அந்தப் பெண்ணும் ஒரே நிறம்.

மார்ச் 20, திங்கள்

படிவம் போட்டுவிட்டேன்.

காலையில் இவரிடம் சொன்னபோது டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "ஒன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கறியா?" என்றார். பஸ் பாடி கட்டும் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிறவர். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "தப்பா அடிச்சா சொரண்டிட்டுத்தான் திரும்ப அடிக்கணும், மேலயே பூசுனா நிக்காது" என்றும் சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பக்கம் பேசுகிறார் என்று எப்போதும் கண்டுபிடிக்க முடியாது.

காரணம் எழுதும் கட்டத்தில் முந்நூறு எழுத்துக்குமேல் ஏறாது. நான்கு முறை அழித்து எழுதினேன். கடைசியில் அனுப்பியது: "இந்த விடையைப் போட்ட மூவரில் நான் ஒருத்தி. நான் போட்டது தவறு. அவர் கையில் இருப்பது கம்பி அட்டவணை. நிறத்தையும் பெண் என்பதையும் பார்த்து அவரைக் கூலியாள் என்று முடிவு செய்தேன். அதே நாளில் போட்ட மற்ற படங்களையும் பார்க்கவும்."

மேரியிடம் சொல்லவில்லை. தோற்றுவிட்டால் கேவலம். ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசையாகவும் இருக்கிறது.

மார்ச் 22, புதன்

மேரிக்கு நேற்று 93, இன்று 94. உகாதி லீவு கிடையாது. கத்தரிக்காய் எல்லாம் சொத்தை.

மார்ச் 23, வியாழன்

ஜெயித்துவிட்டேன். பதில் நான்கு மணிக்கு வந்தது. மறுப்பு ஏற்கப்பட்டது. அந்த ஒரு படம் மட்டுமில்லை, அன்றைக்கு நாங்கள் மூவரும் போட்ட அதே வகைப் படங்கள் அறுபத்து மூன்றையும் எடுத்துப் பார்த்துத் திருத்திவிட்டார்கள். எனக்குக் கரும்புள்ளி இல்லை. ஜெயசீலன் சார் கைகொடுத்தார்.

மேரி சீக்கிரம் கிளம்பிவிட்டார், வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். வரும் வழியில் கால் கிலோ மைசூர்பாக்கு வாங்கினேன். இசை, என்ன விசேஷம் என்று கேட்டாள். படத்தில் ஒரு இன்ஜினியர் இருந்தார், அவரை இன்ஜினியர் என்று ஒத்துக்கொண்டார்கள் என்றேன். இதற்கா மைசூர்பாக்கு என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று.

மார்ச் 24, வெள்ளி

மேரியின் ஐ.டி. பூட்டிக்கொண்டது.

காலையில் அவர் உள்ளே நுழைய முயன்றபோதே திரையில் சிவப்பாக வந்துவிட்டது. மூன்றாவது வார மார்க் 83. நேற்று வரை 94 இருந்ததே என்று சாரிடம் ஓடினேன். அவர் பட்டியலைத் திறந்து காட்டினார். சாவியைத் திருத்தினால் அந்த வாரத்து மார்க்கைத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கணக்கிடுவார்களாம். திருத்திய சாவிகள் இந்த வாரம் மேரிக்கு இருபத்தேழு வந்திருக்கின்றன. ஹெல்மெட் போட்ட பெண்கள், அளவு நாடா பிடித்த பெண்கள். இருபத்தேழிலும் மேரி பொருந்தாது என்று போட்டிருக்கிறார்.

நான் சொன்னபடி.

முதல் இரண்டு வாரமும் அவர் சரியாகப் போட்டவை தவறாகத்தான் நிற்கின்றன. முடிந்த வாரத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டார்களாம். சார் இரண்டு இடத்துக்கு போன் போட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

மேரி பையை எடுத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் எண்ணையும் சேர்த்து.

"படிவம் எப்பப் போட்டீங்க மேடம்?"

"திங்கக்கெழம."

"திங்கக்கெழமயே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, எனக்குத் தெரிஞ்சதையே போட்டிருப்பேன். எப்படியும் போறதுதான், சரியாப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

மன்னிச்சிருங்க என்றேன். "விடுங்க" என்றார். படி இறங்கும்போது நின்று, "அந்தப் பொண்ண மாத்திட்டாங்கதானே?" என்று கேட்டார். மாற்றிவிட்டார்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மைசூர்பாக்கு டப்பா என் மேஜை டிராயரில் இருந்தது. கொடுக்கவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பது.

ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது யாருக்காக என்று கேட்டுக்கொண்டே வீடு வந்தேன். எனக்காகத்தான்.

மார்ச் 25, சனி

சமைக்கவில்லை. பரோட்டா வாங்கிவரச் சொன்னேன்.

மார்ச் 28, செவ்வாய்

மேரிக்கு போன் செய்தேன். பின்னால் கலவை மெஷின் சத்தம். முசிறியில் ஒரு சைட்டில் சேர்ந்துவிட்டாராம், தினம் இரண்டு பஸ் மாற வேண்டும். "கான்கிரீட் ஓடிட்டு இருக்குங்க மேடம், அப்புறம் பேசறேன்" என்றார். யாரையோ, வைப்ரேட்டரை அங்கேயே பிடிக்காதே, நகர்த்து என்று அதட்டுவது கேட்டது. அந்தக் குரலை எங்கள் ஆபீசில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்புறம் பேசவில்லை.

மார்ச் 31, வெள்ளி

லீடர்களும் தினம் அறுநூறு படம் போட வேண்டும். இந்த வாரம் என் மார்க் 91. ஆறு வருடத்தில் இவ்வளவு குறைந்ததில்லை. சாவியில் மறுபடி ஏதோ கோளாறு என்று நினைத்து, இன்னொரு மறுப்புப் போடும் வேகத்தில் தவறுகளின் பட்டியலைத் திறந்தேன்.

பெரும்பாலும் சில்லறைத் தவறுகள். ஆனால் ஐந்து படம், புதன்கிழமை காலை பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள் போட்டவை. ஐந்தும் கருப்பான பெண்கள். ஒருவர் டிராக்டர் ஓட்டுகிறார். ஒருவர் மின்கம்பத்தடியில் மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார். மூன்று பேர் கட்டடத்தில், ஹெல்மெட்டோடு, அதில் ஒருவர் கழுத்தில் அடையாள அட்டைகூடத் தொங்குகிறது. திருத்திய சாவிகள் எல்லாவற்றிலும் மிகப் பொருத்தம் என்று இருக்கிறது. நான் ஐந்துக்கும் பொருந்தாது என்று அமுக்கியிருக்கிறேன்.

அமுக்கியது நினைவே இல்லை. அந்தச் சாவிகளைத் திருத்தச் சொல்லி எழுதிய அதே கை. புதன்கிழமை எனக்குத் தலைவலி இல்லை, வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை, அன்று வேலையும் குறைவு. யாரும் என்னை வேகமாகப் போடச் சொல்லவில்லை.